மறுபடி அழுத்தும் முன் பக்கத்தைப் பார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏஐ ஏஜென்ட்டுகள் தாமாகவே பிரவுசரைத் திறந்து டிக்கெட் எடுக்கும், விண்ணப்பம் நிரப்பும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த ஏஜென்ட்டுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது யார் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதைச் செய்கிறவர்களில் நானும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன்.

கோவையில் 16 வருடமாக மென்பொருள் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். தொடங்கியது செலினியத்தில். 2004-ல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் இருந்த ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கிய, நிரல் வழியாக பிரவுசரை இயக்கித் தளங்களைச் சோதிக்கும் கருவி அது. அப்புறம் அதே வகையில் பப்பெட்டியர், 2020-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் என்று வரிசையாக வந்தன. இவற்றின் கையேடுகளைப் படித்ததெல்லாம் மனிதர்கள். கையேட்டில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் பக்கத்து சீட்டில் கேட்டுக்கொள்வோம்.

2024 நவம்பரில், ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைக்க எம்சிபி என்ற பொது நெறிமுறை வந்தது. அடுத்த வருடமே பிளேரைட்டை அதன் வழியாக, ஏஜென்ட்டுக்கு மூளையாக இருக்கும் ஏஐ மாடல்களோடு இணைக்கும் வசதியும் வந்துவிட்டது. இதில் மாடலுக்குப் போவது கருவியின் பெயர், அது கேட்கும் விவரங்கள், கீழே நாம் எழுதும் நாலு வரி விளக்கம். எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்று அதை வைத்துத்தான் மாடல் முடிவு செய்கிறது. அதற்குப் பக்கத்து சீட்டு கிடையாது.

போன வருடம் எங்கள் டெஸ்ட் சர்வரில் நடந்ததைச் சொல்கிறேன். பத்துப் பெட்டி நூல் ஆர்டர் போடும்படி ஏஜென்ட்டிடம் சொன்னோம். 'கிளிக்' கருவிக்கு நான் எழுதியிருந்த விளக்கம் ஒரே வரி: "பக்கத்தில் உள்ள ஒன்றை அழுத்தும்." ஏஜென்ட் எல்லாவற்றையும் சரியாக நிரப்பி 'ஆர்டரை உறுதிசெய்' என்ற பட்டனை அழுத்தியது. சர்வர் அன்றைக்கு ரொம்ப மெதுவு. "காலக்கெடு முடிந்தது" என்று பிழைச் செய்தி திரும்பி வந்தது. உடனே மறுபடி அழுத்தியது. அப்புறம் இன்னொரு தடவை. மூன்று ஆர்டர், முப்பது பெட்டி.

பணம் கட்டும்போது பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் நாம் என்ன செய்வோம்? கையை எடுத்துவிட்டு, பேங்க்கிலிருந்து மெசேஜ் வந்ததா என்று போனைப் பார்ப்போம். இது நமக்குப் பழகிப்போனது, அதனால் எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. தப்பு என்னுடையது. விளக்கத்தையும் பிழைச் செய்தியையும் மாற்றி எழுதினேன்: "காலக்கெடு முடிந்தது. கிளிக் விழுந்திருக்கலாம். மறுபடி அழுத்தும் முன் பக்கத்தைப் பார். ஆர்டர் எண் வந்திருந்தால் நிறுத்து." சர்வரை அதே மாதிரி மெதுவாக்கி ஓட்டிப் பார்த்தோம். ஏஜென்ட் பக்கத்தைப் பார்த்தது, ஆர்டர் எண்ணைப் படித்தது, நிறுத்திக்கொண்டது. அந்த வாக்கியங்களைத் தவிர நிரலில் வேறு எதையும் நாங்கள் தொடவில்லை. (பணம் கட்டுவது, அழிப்பது போன்ற வேலைகளுக்கு வாக்கியத்தை மட்டும் நம்பக் கூடாது. மனிதர் சரி என்று சொன்னால்தான் நடக்கும்படி நிரலிலேயே பூட்டுப் போட வேண்டும்.)

தமிழ்ப் பக்கங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 'தொடர்க' என்று ஒரு பட்டன் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது, கருவியோ அப்படி ஒன்று இல்லை என்றது. அரை நாள் தேடினேன். கம்ப்யூட்டரில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் 'தொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எங்கள் கருவிக்கு அவை வேறு வேறு சொற்கள். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட்டால் இது தீர்ந்துவிடும். 'மௌனம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகச் சிலர் ளகரத்தைத் தட்டி 'மெளனம்' என்று வைத்துவிடுகிறார்களே, அது அப்படியும் தீராது. தமிழ்த் தளங்களில் வேலை செய்யும் கருவியின் கையேட்டில் இதை நாம் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்?

இந்தக் கருவிகளில் பல, பக்கத்தைப் படமாகப் பார்ப்பதில்லை. திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு, பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பிரவுசர் கொடுக்கும் அதே பட்டியலைத்தான் படிக்கின்றன. என் தம்பிக்குப் பார்வை இல்லை. பெயர் வைக்காத பட்டன்கள் உள்ள தளத்தில் அவன் கம்ப்யூட்டர் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டுமே சொல்லும். எது அனுப்பும், எது அழிக்கும் என்று தெரியாமல் அவன் என்னைக் கூப்பிடுவான். ஏஜென்ட்டும் அதே இடத்தில்தான் திணறுகிறது. ஏஜென்ட்டுக்காகவாவது பட்டன்களுக்குப் பெயர் வைத்தால் தம்பிக்கும் வழி கிடைக்கும். இதை நான் போகும் மீட்டிங்கில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நான் பார்த்தவரை இந்த எழுத்து வேலையை யாரும் வேலையாக மதிப்பதில்லை. எல்லாம் முடிந்த பிறகு, வெள்ளிக்கிழமை சாயங்காலம், புதிதாகச் சேர்ந்த யாரிடமாவது தள்ளிவிடுகிறார்கள். டெஸ்டிங் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தருகிறோம். கருவி தோற்றால் என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி தெளிவாக எழுத எங்கே கற்றுத்தருகிறோம்? உங்கள் கல்வி இணைப்பில் இதைப் பற்றி ஒரு பக்கம் கொடுத்தால் நன்றாக இருக்கும். அந்த மூன்று ஆர்டர்களின் பதிவையும், என் பழைய ஒரு வரியையும், மாற்றி எழுதியதையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் நிருபர் வந்தால் காட்டத் தயார்.

இப்படிக்கு,
டெஸ்டிங் பணியில் இருக்கும் ஒரு வாசகி,
பீளமேடு, கோவை.