நடமாடும் பிள்ளைக்கும் நிமோனியா இருக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிமோனியா என்றதும் மூச்சு வாங்கப் படுத்த படுக்கையாகக் கிடப்பவரைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியாவால் வரும் நிமோனியா பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. இதைப் பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கிருமி தொற்றிப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே தொண்டை வலி, தலைவலி, அசதி, காய்ச்சல் என்று தொடங்கும் இந்நோயில், போகப்போக வறட்டு இருமல் வலுத்து, காய்ச்சல் தணிந்த பிறகும் வாரக்கணக்கில் நீடிக்கும். பகலெல்லாம் விளையாடித் திரிந்த பிள்ளை, இரவில் படுத்ததும் இருமி இருமி, விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடும். ஸ்டெதாஸ்கோப்பில் பெரிதாக எதுவும் கேட்காத நிலையிலும் எக்ஸ்ரேயில் நுரையீரல் திட்டுத் திட்டாக வெளுத்திருப்பதைக் காண முடியும். 5 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளிடமும், விடுதிகளில் நெருக்கமாகத் தங்கியிருக்கும் இளைஞர்களிடமும் இது அதிகம். ஒரே வீட்டில் ஒருவர் தேறி வரும் நேரத்தில் அடுத்தவர் இருமத் தொடங்கினால், அதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

சிகிச்சையில்தான் பெரிய குழப்பம் நேர்கிறது. பென்சிலின், அமாக்சிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் யாவும் பாக்டீரியாவின் செல் சுவரைக் குலைத்தே அதை அழிக்கின்றன; மைக்கோபிளாஸ்மாவுக்கோ செல் சுவரே கிடையாது. ஆகவே, அமாக்சிசிலினுக்குக் காய்ச்சல் அடங்கவில்லை என்று அதே வகையில் இன்னும் வீரியமான ஊசிக்குப் போவதால் இக்கிருமிக்கு ஒன்றும் ஆகாது. தேவைப்படுவது வேறு வகை மருந்து. அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்றவையே முதலில் தரப்படுகின்றன. சீனாவிலும் ஜப்பானிலும் இவற்றுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பரவலாகக் காணப்பட்டுள்ளன. எனவே அசித்ரோமைசின் தொடங்கி இரண்டு மூன்று நாட்களாகியும் காய்ச்சல் குறையாவிட்டால் மீண்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வயதையும் நிலையையும் பொறுத்து டாக்சிசைக்ளினுக்கோ, பெரியவர்களானால் லெவோஃப்ளாக்சசினுக்கோ அவர் மாற்றக்கூடும். காய்ச்சல் விட்டு இருமல் மட்டும் மிஞ்சியிருந்தால் மருந்து பலிக்கவில்லை என்று பொருளல்ல.

இதைப் படித்துவிட்டு எல்லா இருமலுக்கும் அசித்ரோமைசினை மருந்துக் கடையில் நேரே வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலான இருமல்கள் வைரஸால் வருபவை. லேசான மைக்கோபிளாஸ்மா தொற்றும் பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். தேவையில்லாமல் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரையும் மருந்துக்கு அடங்காத கிருமிகளைத்தான் வளர்க்கிறது. சந்தேகம் இருந்தால் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்துப் பிசிஆர் சோதனை செய்யலாம். ரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் தொற்றைக் காட்டாமலும் போகலாம்.

மூச்சு வேகமாக இரைப்பது, விலா உள்வாங்குவது, உதடு நீலம் பாய்வது, உடலில் தடிப்புகளோடு வாயும் கண்ணும் புண்ணாவது, குழப்பமான பேச்சு, வலிப்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்ற நேரங்களில் மருத்துவரிடம் போகும்போது, அதுவரை கொடுத்த மாத்திரைகளின் அட்டையையும் மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து, எத்தனை நாள் என்பது தெரிந்தாலே அடுத்து எதைத் தருவது என்பதை அவரால் விரைவில் முடிவுசெய்ய முடியும்.

இப்படிக்கு,
குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர்