எட்டாம் வகுப்போடு மல்லுக்கட்டும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

பிள்ளைகள் உங்களிடம் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், போர்டு பக்கம் திரும்பினால் சிரிப்பு. சரி, பிரம்பும் வேண்டாம், மிட்டாயும் வேண்டாம், ஒருநாள் பழைய சமணக் குகையும் ஓவியமும் இருக்கிற சித்தன்னவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர்தான், உள்ளூர்தானே என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் இருந்தும் போகாத பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். ஆனால் தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, வண்டி எல்லாம் கைக்கு வருகிறவரை வகுப்பில் மூச்சு விடாதீர்கள். தேதி சொல்லிவிட்டால் அந்தத் தேதியில் கிளம்பியே ஆக வேண்டும். கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோன பெரியவர்களை இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

போனதும் முதலில் மலையேறி ஏழடிப்பட்டம் என்கிற குகைக்குப் போங்கள். பாறைச் சரிவில் வெட்டிய படிக்குழிகள், ஓரமாகக் கம்பி. உங்களோடு வருகிற ஆசிரியர் ஒருவர் கடைசியில் வரட்டும், நீங்கள் முன்னால் நில்லுங்கள், உங்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், ஆடு மேய்த்துப் பழகியவனாக இருந்தால் இன்னும் நல்லது. "சார், இங்க காலை வைங்க" என்று கையை நீட்டுவான். பிடித்துக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள். உள்ளே சமண முனிவர்களின் வழவழப்பான கல்படுக்கைகள் இருக்கும், அவற்றில் ஒன்றில் தமிழி, அதாவது தமிழின் பழைய எழுத்து. கோடு கோடாக இருப்பதில் எது 'க' என்று அவர்களே தேடட்டும், நீங்களும் கூட உட்கார்ந்து தேடுங்கள்.

அப்புறம் பாறையைக் குடைந்து செய்த அறிவர் கோயில். கூரையில் 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குளம்: மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். பாதி அழிந்துபோயிருக்கிறது, அதனால்தான் ஆளுக்கொன்று தெரியும். ஒருத்தி மீன் என்பாள், இன்னொருத்தி இல்லை இலை என்பாள், விட்டுவிடுங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள். தயவுசெய்து "வந்து கட்டுரை எழுத வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த ஒரு வாக்கியத்தில் அவ்வளவு பேரும் மறுபடி மாணவர்களாகி வாயை மூடிக்கொள்வார்கள்.

திரும்பி வந்த வாரத்தில் படம் வரையச் சொல்லுங்கள். கலர் பென்சில் வேண்டாம். அந்த ஓவியர்கள் சுண்ணாம்பு, கரி, காவி, மஞ்சள்காவி இவற்றை வைத்துத்தான் பெரும்பாலும் தீட்டினார்கள், எல்லாமே பிள்ளைகள் வீட்டுப் பக்கத்தில் கிடைக்கிறவை. பள்ளியில் ஒரு சுவரைக் கேட்டு வாங்குங்கள். நீங்களும் கையில் காவியை எடுத்து வரையுங்கள், மோசமாக வந்தாலும் அழிக்க வேண்டாம்.

தாகூரின் சாந்திநிகேதனில் ஓவிய ஆசிரியர் நந்தலால் போஸ் இப்படித்தான் இருந்தார். மாணவர்களோடு ஊர் ஊராகப் போய் அவர்களோடு உட்கார்ந்து வரைவார், வெளியூர் போனால் அஞ்சலட்டையில் படம் போட்டு மாணவர்களுக்கு அனுப்புவார். அவரிடம் படித்த ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் பிறகு பரோடாவில் ஆசிரியரானார். அங்கே நடந்த கலைச் சந்தைகளுக்கு ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்தே பொம்மை செய்தார்கள். ஆசிரியர் விரலிலும் அதே சாயம் ஒட்டியிருந்தால் பிள்ளைகளுக்கு அவரிடம் என்ன பயம் இருக்கும்?

2022இலிருந்து நம் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, நல்ல விஷயம்தான், மனதார வரவேற்கிறேன். ஆனால் போட்டி என்று வந்தால் ஏற்கெனவே ஆடத் தெரிந்தவள்தான் மேடை ஏறுவாள். உங்களிடம் பேசாத அந்தப் பையன் கீழே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பான், அவனுக்கு இந்தச் சுவர் வேண்டும்.

மார்கழியிலோ தையிலோ போங்கள், மற்ற மாதங்களில் அந்தப் பாறை கொதிக்கும். தொல்லியல் துறை 15 வயதுக்குட்பட்டவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை, வண்டிச் செலவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். மலைமேல் தண்ணீர் கிடைக்காது, ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். போய்வந்து எழுதுங்கள், யார் உங்களிடம் முதலில் பேசினது என்று.

அன்புடன்,
அண்ணன்