பேஜை மூட ஒரு நிமிஷம், கேஸை முடிக்க ஆறு வருஷம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய டெக் கம்பெனிக்கு இத்தனை கோடி அபராதம்னு அடிக்கடி செய்தி வருது. படிக்கிறவங்க நியாயம் கெடச்சிடுச்சுன்னு நெனச்சுட்டு அடுத்த பக்கம் போயிடுவாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன், எங்க வீட்டுலயே ஒரு பிரச்சனை வர்ற வரைக்கும்.

எங்க அக்கா அருப்புக்கோட்டையில வீட்டுல இருந்தே கைத்தறி காட்டன் சேலை விக்கிறாங்க. கடை கிடையாது, ஒரு சோஷியல் மீடியா பேஜ்தான் கடை. அஞ்சு வருஷமா ராத்திரி 9 மணிக்கு லைவ் போட்டு, சேலையை விரிச்சு முந்தி இப்படி பார்டர் இப்படின்னு காட்டி, ஒவ்வொரு கஸ்டமரா சேர்த்தாங்க, அதை நம்பி நாலு தறி ஓடிட்டு இருந்துச்சு. போன வருஷம் தீபாவளிக்கு 18 நாள் இருக்கும்போது காலையில எந்திரிச்சுப் பார்த்தா பேஜே இல்ல. விதிகளை மீறிட்டீங்கன்னு ஒரே ஒரு வரி. எந்த விதி, எந்த வீடியோ, எதுவும் சொல்லல. அட்வான்ஸ் கட்டின 23 பேரோட அட்ரஸ் எல்லாம் அந்த மெசேஜுக்குள்ளயே மாட்டிக்கிச்சு. அக்கா அழுதது வியாபாரம் போச்சேன்னு இல்ல, பணம் கட்டினவங்க என்னைத் திருடின்னு நினைப்பாங்களேன்னுதான்.

மறுபரிசீலனை பட்டனை அமுக்கினோம், நாலே நிமிஷத்துல முடிவுல மாற்றம் இல்லைன்னு பதில் வந்துருச்சு. நாலு நிமிஷத்துல அஞ்சு வருஷ வேலையை எந்த மனுஷனும் பார்த்திருக்க முடியாது. பேசுறதுக்கு ஒரு போன் நம்பர் கிடையாது. 2021-ல வந்த ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகள்ல சோஷியல் மீடியா கம்பெனிகள் குறைதீர் அதிகாரி வைக்கணும், புகார் வந்தா 24 மணி நேரத்துல கெடச்சுதுன்னு சொல்லணும், 15 நாள்ல முடிக்கணும்னு போட்டிருந்தாங்க, அதைப் பார்த்து மெயில் போட்டோம். மெஷின் அனுப்புற ஒரு பதில் வந்துச்சு, அதோட சரி. அந்த அதிகாரி முடிவு புடிக்கலைன்னா 30 நாளைக்குள்ள மேல போறதுக்கு மத்திய அரசு 2023 ஜனவரியில மூணு மேல்முறையீட்டுக் குழு அமைச்சிருக்காங்க, ஆன்லைன்லயே காசு கட்டாம அப்பீல் போடலாம். அப்படி ஒண்ணு இருக்குன்னு எங்களுக்குத் தெரிய வரும்போது நாள் கடந்துபோச்சு. தயவுசெஞ்சு இதை உங்க பேப்பர்ல ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க, எத்தனையோ பேருக்கு உதவும்.

அப்புறம் வக்கீலைப் பார்த்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, நீங்க அந்தக் கம்பெனிக்கு காசு கட்டினீங்களா? ஏன்னா நுகர்வோர் சட்டப்படி காசு கொடுத்து வாங்கினவங்கதான் நுகர்வோர், சும்மா ஒரு பேஜ் வச்சிருந்தா மட்டும் நுகர்வோர் ஆக முடியாது. நல்லவேளை அக்கா மாசாமாசம் விளம்பரத்துக்குக் கட்டின ரசீது எல்லாம் வச்சிருந்தாங்க. கம்பெனி ஒப்பந்தத்துல வழக்குன்னா கலிஃபோர்னியா கோர்ட்டுன்னு எழுதியிருக்கு, ஆனா 2019 நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் இல்ல. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனா வக்கீல் அப்பவே சொல்லிட்டாரு, அவங்களோட இந்தியக் கம்பெனி கோர்ட்டுக்கு வந்து, நாங்க விளம்பரம் மட்டும்தான் விக்கிறோம், பேஜை நடத்துறது அமெரிக்கக் கம்பெனி, எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்வாங்க, அதுலயே நாலு வாய்தா போயிடும்னு.

நாங்க சின்னவங்க, விடுங்க. சென்னையில இருக்கிற மேட்ரிமோனி டாட் காம், பாரத் மேட்ரிமோனி நடத்துறவங்க, ஸ்டாக் மார்க்கெட்ல இருக்கிற கம்பெனி. அவங்க 2012-ல கூகுள் மேல இந்தியப் போட்டி ஆணையத்துல, அதாவது பெரிய கம்பெனிங்க சந்தையில தங்க பலத்தைத் தப்பா பயன்படுத்தினா விசாரிக்கிற அமைப்புல, புகார் கொடுத்தாங்க, தீர்ப்பு வந்தது 2018 பிப்ரவரியில, 135.86 கோடி அபராதம். ஆறு வருஷம். அதுக்கு மேல அப்பீல். அதே கம்பெனியோட ஆப்பையும் இன்னும் சில இந்தியக் கம்பெனி ஆப்பையும் 2024 மார்ச் 1-ம் தேதி கூகுள் தன்னோட பிளே ஸ்டோர்ல இருந்து தூக்கிருச்சு, 11-லேர்ந்து 26 சதவீதம் வரை கேட்ட கமிஷன்ல தகராறு. அதுக்கு முன்னாடியே சென்னை ஹைகோர்ட்ல கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு, சுப்ரீம் கோர்ட் போயும் இடைக்காலத் தடை கெடைக்கல. கடைசியில மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்டு, சில நாள்ல ஆப் திரும்ப வந்துச்சு. அவங்களுக்கு ஒரு அமைச்சர் பேசினாரு, அருப்புக்கோட்டையில சேலை விக்கிறவங்களுக்கு யாருங்க பேசுவா?

அபராதக் கணக்கையும் கொஞ்சம் பாருங்க. 2022 அக்டோபர்ல அதே போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு வழக்குல கூகுளுக்குப் போட்டது 1,337.76 கோடி, பிளே ஸ்டோர் வழக்குல 936.44 கோடி. ரெண்டாவது 2025 மார்ச்ல அப்பீல்ல 216.69 கோடியா குறைஞ்சுபோச்சு. கூகுளோட தாய்க் கம்பெனி ஆல்ஃபபெட் 2024-ல சம்பாதிச்ச லாபம் மட்டும் 10,000 கோடி டாலர், ஒரு நாளைக்கு 27 கோடி டாலர், நம்ம காசுக்கு 2,000 கோடி ரூபாய்க்கு மேல. அந்தப் பெரிய அபராதமே அவங்களோட ஒரு நாள் லாபம் கூட இல்ல. வழக்கு இழுக்குற ஒவ்வொரு மாசமும் அவங்களுக்கு வருமானம் ஓடிட்டேதான் இருக்கு, எங்களுக்கு தறி நின்னு போச்சு. ஒரே வாய்தாதான், ஆனா ரெண்டு பேருக்கும் அது ஒண்ணு இல்ல, இதைத்தான் நான் அநியாயம்னு சொல்றேன்.

கோர்ட்டைக் குறை சொல்றதுக்காக எழுதல. 2023-ல போட்டிச் சட்டத்தைத் திருத்தி, அபராதத்துல 25 சதவீதம் கட்டினாதான் அப்பீல்னு கொண்டுவந்தாங்க, அது நல்ல காரியம். 2024 மார்ச்ல பெரிய டெக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்த டிஜிட்டல் போட்டி மசோதான்னு ஒரு வரைவும் வெளியிட்டாங்க, அது சட்டமாகல. ஆனா இதெல்லாம் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடக்குற சண்டைக்கு. எங்களுக்கு வேண்டியது ரொம்ப சின்னது. ரோட்டுல தள்ளுவண்டி போட்டிருக்கிறவரை அப்புறப்படுத்தணும்னா கூட 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் கொடுக்கணும். அதே மாதிரி ஒருத்தர் பொழப்பு நடத்துற பேஜை மூடணும்னா முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கணும், எந்த விதியை மீறினோம்னு சொல்லணும், ஒரு மனுஷன் பார்த்து முடிவு பண்ணி அவர் பேர்ல பதில் வரணும், ஏற்கனவே ஆர்டர் கொடுத்தவங்க விவரத்தையாவது எடுத்துக்க விடணும். மோசடி பண்றவங்க பேஜை உடனே மூடுங்க, வேண்டாம்னு சொல்லல, மூடின பிறகாவது இதைச் செய்யலாமே. நம்ம எம்.பி.க்கள் யாராவது இதை பார்லிமென்ட்ல கேக்கணும்.

அக்கா அந்த 23 பேர்ல 19 பேரை எப்படியோ தேடிக் கண்டுபிடிச்சு பணத்தையோ சேலையையோ அனுப்பிட்டாங்க. மீதி நாலு பேரோட சேலை இன்னும் பீரோவுல தனியா இருக்கு. நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட்டிருக்கோம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததுல இருந்து மூணு மாசத்துல முடிக்கப் பார்க்கணும்னு சட்டத்துல இருக்கு, எங்களுக்கு அடுத்த மாசம் வர்றது நாலாவது வாய்தா.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
விருதுநகர் மாவட்டம்.