வீட்டிலிருந்தபடியே வழக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழமை நீதிமன்றங்களில் மின்னணு முறையில் வழக்குத் தாக்கல் செய்வது குறித்த தங்கள் தலையங்கத்தில், இனி வழக்காடிகள் வீட்டிலிருந்தபடியே வழக்குத் தொடரலாம் என்று ஒரு வரியும், இதை எதிர்த்து நீதிமன்றத்தைப் புறக்கணிக்கும் வழக்கறிஞர்களுக்குப் பிடிவாதம் என்று இன்னொரு வரியும் இருந்தன. தாக்கல் பிரிவின் ஜன்னலோரத்திலேயே தலை நரைத்துப்போன வழக்கறிஞர் குமாஸ்தா நான். தாங்கள் சொல்லும் அந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று அறிய விரும்புகிறேன்.

எங்கள் ஊரில் வழக்குரையைத் தட்டச்சு செய்து, கட்சிக்காரரிடமும் வக்கீலிடமும் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்து பதிவேற்றி, கைப்பேசிக்கு வரும் ஓடிபிக்காகக் காத்திருந்து, எல்லாம் முடிந்தபின் அதே கட்டை நூல் கோத்துத் தாளாகவும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். காகிதமில்லா நீதிமன்றம் என்று இதற்குத்தான் பெயர். ஐம்பதுகளில் எழுதிய கிரயப் பத்திரத்தின் மங்கிய மை ஸ்கேனரில் விழாது. 'ஆவணம் தெளிவாக இல்லை' என்று வழக்கு திரும்பி வரும். அசலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவனிடம் அதை வாங்கிப் பார்க்க ஆளில்லை.

திருப்பி அனுப்புவது எங்களுக்குப் புதிதன்று. முதலில் நீதிமன்றக் கட்டணம் குறைவு என்பார்கள். அதைச் சரிசெய்தால் சர்வே எண்ணில் ஐயம். அதையும் தீர்த்தால் 'வழக்கு எவ்வாறு நிலைக்கத்தக்கது?' என்று கேள்வி வரும். இவற்றை ஒரே தடவையில் கேட்டால் என்ன என்று வழக்குகளைச் சரிபார்க்கும் நீதிமன்ற அலுவலர்களான சிரஸ்தார்கள் பலரிடம் பணிவாகக் கேட்டிருக்கிறேன். கணினி வந்தபின் அதே கேள்விகள் அதே தவணை முறையில் திரையில் வருகின்றன.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், காலவரம்பு விஷயத்தைப் பொறுக்க முடியவில்லை. புரோநோட்டுக் கடனுக்கு மூன்றாண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது தாங்கள் அறியாததன்று. எங்கள் கட்சிக்காரரான ஒரு விதவையின் நோட்டுக்குக் கடைசி நாளன்று, மாலை வரை இணையதளம் சுற்றிக்கொண்டே இருந்தது; ஓடிபி வந்து சேர்ந்தபோது அதன் ஆயுள் முடிந்திருந்தது. 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடைசி நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்கிறது; வேலை நேரத்தில் சிறிது பொழுது மூடியிருந்தாலும் அன்று மூடியதாகவே கொள்ளச் சொல்கிறது. கதவுக்கு இவ்வளவு இரக்கம் காட்டும் சட்டம் சர்வரை அறியாது. தாமதத்தை மன்னிக்கும் 5ஆம் பிரிவோ மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும்தான், முதன்முதலாகத் தொடுக்கும் அசல் வழக்குக்கு இல்லை. அந்த அம்மாளிடம் நிம்மதியாக வீட்டில் இருங்கள் என்று சொல்லத் தலையங்கம் எழுதியவரே வந்திருக்கலாம்.

புறக்கணிப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்த நாட்களில் எங்களைப் போன்றவர்களுக்கு வரும்படியும் இல்லை. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் பதினாறு இலக்க சிஎன்ஆர் எண்ணைத் தட்டினால் அடுத்த வாய்தா தேதி கைப்பேசியிலேயே தெரிகிறது. அந்த நன்மையை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் 2023 செப்டம்பரில், நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒதுக்கிய 7,210 கோடி ரூபாயில், எங்கள் வளாகத்துக்கு வந்து சேர்ந்தது இ-சேவை மையம் என்ற பெயர்ப்பலகையும், அதன் கீழே பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையும்தான். அதையும் தங்கள் நிருபர் ஒருநாள் வந்து பார்த்திருக்கலாம்.

நான் கேட்பது பெரிதில்லை. பதிவேற்றம் தடைப்படும் நாளில், காலவரம்பு முடியும் வழக்குகளையாவது தாளில் வாங்கி, அன்றைய தேதி முத்திரையைப் பதித்துத் தர வேண்டும். இதை உயர் நீதிமன்றத்தின் பார்வைக்குக் கொண்டுசெல்லும் வகையில் தாங்கள் இரண்டு வரி எழுதினால் போதும். தலையங்கத்தில் இடம் இல்லையென்றால் இந்தப் பகுதியில் வெளியிட்டாலும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஒரு வழக்கறிஞர் குமாஸ்தா
(பெயரைத் தவிர்க்க வேண்டுகிறேன், நாளையும் அதே ஜன்னலுக்குத்தான் போக வேண்டும்)