மருந்துச் செடிமேல் புல்மருந்து வேண்டாம்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

திருவிழாவுக்காகக் கோயில் பின்புறத்தைச் சுத்தம் செய்தீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் கிணற்றடியிலிருந்து பழைய லயத்து வேலி வரைக்கும் புல்மருந்து அடித்ததில் ஆடாதோடை, தூதுவளை, கீழாநெல்லி எல்லாம் கருகிவிட்டன. நொச்சி மட்டும் ஓரமாகத் துளிர்க்கிறது. அந்த இடத்துக்கு இப்போது சிமெண்டு போடப் போகிறீர்களாம். வேண்டாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வரும் வழியில் அங்கேதான் குனிவார். கீழாநெல்லியைக் கிள்ளி, இலைக்கொத்தைத் திருப்பிக் காட்டுவார். அடியில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும். "காய் கீழே இருக்கணும், இல்லேன்னா தொடாதே" என்பார். மலாய்க்காரர்களும் இதை டுக்கோங் அனாக் என்கிறார்கள், பிள்ளையைச் சுமப்பது என்று பொருள். இரண்டு மொழிக்காரர்களும் அதே காயைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்! ஆடாதோடையும் லேசுப்பட்டதல்ல. அதிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே உருவானது.

செடி இருந்தால் கிளினிக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீழாநெல்லி, மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை விரட்டுவதாக 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு நடந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும், அது உயிருக்கே ஆபத்து. கண் மஞ்சளானால் முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று அங்கேயே ஒரு பலகை வைப்போம். செடிகளின் பெயரைத் தமிழிலும் மலாயிலும் எழுதுவோம்.

அப்புறம், புல்மருந்து. பராகுவாட் என்ற புல்மருந்தை மலேசிய அரசாங்கமே 2020-ல் தடை செய்துவிட்டது. அதற்கு முன் எத்தனை வருடம் நம் பெண்கள் அந்த மருந்துத் தோம்பை முதுகில் சுமந்தார்கள்! நகம் கறுத்து உரிந்த கைகளை உங்களில் பலர் சொந்த வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். எந்த மருந்தாக இருந்தாலும் சாமிக்குப் பின்னால் வேண்டாம், பாராங்கத்தியால் வெட்டிக்கொள்வோம். அடித்த இடத்தில் இந்த வருடம் யாரும் இலை பறிக்க வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கஷாயம் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கிணற்றடியில் பத்தடி விட்டால் போதும். வேலிக் கம்பிச் செலவு என்னுடையது. தூதுவளைக் கன்று இரண்டு வீட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். சிமெண்டு லாரி வருவதற்குள் ஒரு பதில் சொல்லுங்கள்.