வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுறதுக்கு முன்னாடி இத படிச்சுரு

மாப்ள,

அம்மாவுக்கு முட்டி வலி இப்ப தேவலையா? இங்க எல்லாரும் சுகம், பாப்பா பத்தாவது பரீட்சை முடிச்சுட்டா.

நீ அனுப்புன பூமி பூஜை போட்டோ பாத்தேன்டா, ரொம்ப சந்தோஷம், ஆனா உங்கப்பா வச்ச வேப்பமரத்துக்கு அடியிலயே எம்சாண்டும் ஜல்லியும் கொட்டிக் கெடக்குறத பாத்ததுல இருந்து மனசு கேக்கல, அதான் உக்காந்து எழுதுறேன்.

எங்க வீட்டு மாமரம் ஞாபகம் இருக்குல்ல? 2014ல வீடு கட்டுனப்ப அதுல ஒரு கிளையக் கூட வெட்டல. ஆனா நெழலா இருக்குன்னு செங்கல அங்கதான் அடுக்குனாங்க, டிப்பர் அங்கதான் திரும்பும், சாயங்காலமானா கலவைச் சட்டியும் கரண்டியும் தூர்லயே கழுவுவாங்க, சிமெண்ட் தண்ணி காஞ்சு சாம்பக் கலர்ல பொருக்குத் தட்டிக் கெடக்கும். பால் காய்ச்சுன அன்னைக்கு மரம் பச்சப்பசேல்னுதான் நின்னுச்சு. மூணாம் வருஷம் உச்சிக் கிளை நுனியில இருந்து காஞ்சு வந்துச்சு, அஞ்சாம் வருஷம் மொட்டை. அம்மா கொஞ்ச நாள் அந்தப் பக்கத்து ஜன்னலையே தொறக்கல.

வேரு நாம நெனக்கிற மாதிரி ஆழமா போறதில்லடா, பெரும்பகுதி மேல ஒன்றரை ரெண்டு அடி மண்ணுலயே படர்ந்து கிளை நெழலயும் தாண்டி ஓடுது. தண்ணி உறிஞ்சுறதெல்லாம் நூல் மாதிரி மெல்லிசு வேரு, அதுக்கு மூச்சு விட மண்ணுல காத்து வேணும், வண்டி ஏறி மண்ணு இறுகிட்டா காத்தும் போகாது தண்ணியும் இறங்காது. மேல மண்ணக் கொட்டி மேடாக்குனாலும் அதே கதிதான்.

போன வருஷம் தங்கச்சி வீட்டு வேம்புக்கு நெஞ்சு உயரத்துல கயிறு சுத்தி அளந்தேன், 6 அடி. அத நாலால பெருக்குனா 24, அடிமரத்துல இருந்து சுத்தி அத்தன அடி மண்ணத் தொடாம விடணும். ஒரு பக்கம் 10 அடிதான் கெடச்சுச்சு, அதனால அங்க மட்டும் நீளமா வானம் தோண்டாம தனித்தனியா பில்லர் குழி போட்டு பீம தரைக்கு மேல கொண்டு போனோம். ஜேசிபி வேண்டாம்னுட்டு ஆள் வச்சு தோண்டுனா ஒரு குழில கை தண்டிக்கு வேரு, இன்ஜினியர்கிட்ட கெஞ்சி பில்லர ஒன்றரை அடி தள்ளுனோம். சுண்டுவிரல் தண்டி வேர மட்டும் ரம்பத்துல நேரா அறுத்து ஈரச் சாக்கு போட்டு மூடுனோம், ஜேசிபி இழுத்தா நார் நாரா கிழிஞ்சு உள்ள வரைக்கும் அழுகிரும்.

நாளைக்கே அந்த ஜல்லிய அள்ளச் சொல்லு, மரத்தச் சுத்தி சவுக்குக் கம்பு நட்டு பச்ச நெட்டு கட்டி வேலி போட்டுரு, சட்டி கழுவ தூரமா ஒரு குழி. வேலிக்குள்ள காஞ்ச எலய 3 இன்ச்சுக்கு பரப்பி (அடிமரத்த ஒட்டி வேண்டாம்) வாரம் ஒருதடவ நல்லா தண்ணி விடு.

செப்டிக் டேங்க் எந்தப் பக்கம்னு பிளான பாத்து சொல்லு. மரத்துப் பக்கம்னா ஞாயித்துக்கிழமை காலைல பஸ் ஏறிருறேன், இன்ஜினியர்கிட்ட நானே பேசுறேன்.