சாக்கடைக்குள் விழுந்த லைட்டர்

அன்புள்ள செழியனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஹிட்ச்காக்கின் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்’ படத்தைப் பார்த்துவிட்டு, அந்த டென்னிஸ் வீரன் கை ஹெய்ன்ஸ் ஒரு பாவமும் அறியாதவன் என்று நீ தொலைபேசியில் சொன்னதை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. அவன் பெயரைத் தமிழில் எழுதினால் ‘கை’ என்றுதான் வருகிறது. அந்தக் கையில் இரத்தக் கறை இல்லை என்பது மட்டும் உண்மை.

ரயிலில் அறிமுகமான புரூனோ, “உன் மனைவியை நான் கொல்கிறேன், என் தந்தையை நீ கொன்றுவிடு, நமக்குள் முன்பின் பழக்கமே இல்லாததால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்” என்று திட்டம் சொல்லும்போது, கை அதை மறுக்கவில்லை. பைத்தியக்காரனிடம் தலையாட்டுவதுபோல் சரி சரி என்று சிரித்துவிட்டு, தன் லைட்டரையும் மறந்து வைத்துவிட்டு இறங்கிப் போகிறான். விவாகரத்துக்கு இணங்காத மனைவி மிரியமின் கழுத்தை நெரிக்கலாம் போலிருக்கிறது என்று அன்றே தன் காதலியிடம் தொலைபேசியில் கத்தியவனும் அவன்தான். பாட்ரீசியா ஹைஸ்மித் 1950இல் எழுதிய மூல நாவலில் அவன் புரூனோவின் தந்தையைக் கொன்றே விடுகிறான். 1951இல் வந்த படம் அவனைக் காப்பாற்றிவிட்டது. எனக்கு நாவலின் முடிவுதான் நேர்மையாகப் படுகிறது.

புரூனோ மிரியமைக் கொல்வது கீழே விழுந்த அவளுடைய மூக்குக்கண்ணாடியின் சில்லில் நெளிந்து தெரிவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். என்னை உலுக்கியது வேறு இடம். கொலைப்பழியைக் கையின்மேல் போடுவதற்காக லைட்டரைக் கொண்டுபோகும் புரூனோ, வழியில் அதைச் சாக்கடைக்குள் தவறவிடுகிறான். அங்கே வெயிலில் கை அவசர அவசரமாகப் பந்தை அடித்துக்கொண்டிருக்க, இங்கே இருட்டுக்குள் புரூனோவின் விரல்கள் இரும்புக் கம்பிகளின் வழியே நீண்டு, லைட்டரைத் தொட்டு, தொட்டவுடன் அது இன்னும் கீழே நழுவ, மீண்டும் நீள்கின்றன. அவன் எடுத்துவிட வேண்டும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், செழியா! கொலைகாரனுக்காக! அந்த வேடத்தில் நடித்த ராபர்ட் வாக்கர், படம் வெளியாகி இரண்டே மாதத்தில், 32 வயதில் இறந்துபோனார் என்பதை அறிந்த பிறகு அந்த விரல்களைப் பார்ப்பது இன்னும் கடினமாகிவிட்டது.

அந்த ஒரு காட்சியை மட்டும் மறுபடியும் பார். நீ யார் பக்கம் இருந்தாய் என்று மறைக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா